பதக்கத்துக்கு முன் ஒரு பத்திரம்

கடிதத்தின் சாரம்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வக்கீலான எனக்கு ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 68. அவர் கணவர் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. அவர் பெயரில் வங்கியில் இருந்த வைப்புத்தொகை 15 லட்ச ரூபாய், நாமினி என்ற முறையில் இவர் கணக்குக்கு வந்து அப்படியே கிடக்கிறது. அந்தப் பணம் முழுவதையும் போட்டு, பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியலில் முதலிடம் பெறுபவருக்குக் கணவர் பெயரில் தங்கப் பதக்கம், வசதியில்லாத ஒரு மாணவருக்கு உதவித்தொகை இரண்டும் ஏற்படுத்த ஆசைப்படுகிறார். அடுத்த திதிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவசரம்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறார், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். தன் பங்காக டாலர் அனுப்புவதாகச் சொல்கிறார். மகள் கோவையில். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ‘திதியன்று சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று இருக்கிறேன்.’ கொழுந்தனார் ‘நம்ம சமுதாயப் பிள்ளைகளுக்குன்னு எழுதிப் போடுங்க மதினி’ என்கிறார். இதற்கு நடுவில் ஒரு பழைய வருத்தம்: மாமனார் நினைவாக 1974இல் குடும்பத்தார் 5,000 ரூபாய் கட்டி வேறொரு கல்லூரியில் ஏற்படுத்திய பதக்கம் பல ஆண்டுகளாக யாருக்கும் தரப்படவில்லையாம். ‘ஏமாற்றிவிட்டார்கள். இதுவும் அப்படி ஆகாமலிருக்க, எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா? இல்லை, சொந்தமாக டிரஸ்ட் வைப்பது நல்லதா? உயிலில் எழுதி வைத்தால் போதுமா?’ இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது. ‘மாதக் கடைசியில் அவர் சட்டைப் பையில் பணம் இருக்காது. எந்தப் பையனுக்குப் பஸ் கட்டணம், எந்தப் பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் என்பது லேப் உதவியாளருக்குத்தான் தெரியும்.’ எழுதிவிட்டு, ‘இது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்’ என்று நீங்களே பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். உங்கள் ஆறு பக்கத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்டது அதுதான். ஆனால் அதற்கு வருமுன் இரண்டு கசப்பான விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தப் பணம் யாருடையது?

நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில வங்கி ஊழியர்களே அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். சட்டம் வேறு. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு முடிகிறதோ அவர்தான் நாமினி. பணத்தை வாங்கி வாரிசுகளுக்காக வைத்திருப்பவர். வங்கி வைப்பைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உங்கள் கணவர் உயில் எழுதவில்லை. அதனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். அவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 15 லட்சத்தில் உங்களுடையது 5 லட்சம். மகன் அமெரிக்கக் குடிமகன் ஆனதால் அவர் பங்கு போய்விடாது. மகளுக்குக் கல்யாணத்தில் செய்ததை வைத்து இதில் கழிக்கவும் முடியாது.

‘என் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டார்கள்தான். ஆனால் கேட்காமல் இருப்பது வேறு, சம்மதித்துக் கையெழுத்துப் போடுவது வேறு. பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் ஒரு பணமுடை வரும். அப்போது ‘அப்பா காசை எங்களைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்தாங்க’ என்ற ஒரு வாக்கியம் கிளம்பும். உங்கள் கணவர் பெயரில் ஏற்படுத்திய பரிசின் மேல் அந்த வாக்கியம் ஒட்டிக்கொள்ள வேண்டுமா? திதியன்று சொல்லி ஆச்சரியப்படுத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். மகளிடம் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் முத்திரைத்தாளில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகளோடு வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை. மனத்தாங்கல் கொள்ளாதீர்கள்.

மகனின் டாலர்

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருப்பதால் மகன் பாதி இந்தியர் என்று சொல்கிறீர்கள். விசா விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, அவரை வெளிநாட்டவராகத்தான் பார்க்கும். இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும். இங்கே பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: டாலரா ரூபாயா என்பது கேள்வியே இல்லை, கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி. உங்கள் மகன் மதுரைக்கு வந்து, இங்குள்ள கணக்கிலிருந்து ரூபாயாகவே கல்லூரிக்குக் காசோலை கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதை வாங்க அந்தக் கல்லூரி எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும்.

‘அப்படியானால் எனக்கு அனுப்பட்டும், நான் கொடுக்கிறேன்’ என்று உடனே தோன்றும். உறவினர் அனுப்பும் பணத்துக்கு விலக்கு உண்டு. ஆண்டுக்கு 10 லட்ச ரூபாய் வரை தகவல்கூடத் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த விலக்கு குடும்பச் செலவை மனத்தில் வைத்து வந்தது. நிறுவனத்துக்குப் போக வேண்டிய பணத்துக்கு உங்கள் கணக்கைக் குழாயாக்க நான் யோசனை சொல்ல மாட்டேன். 68 வயதில் ஒரு விளக்கக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்கு எதற்கு?

என் அபிப்பிராயம் இது. மகனின் 5 லட்சத்தை இதில் கலக்கவே வேண்டாம். அவர் விரும்பினால் அதை உங்கள் மருத்துவச் செலவுக்கென்று விட்டுவைக்கட்டும். கடிதத்தில் முழங்கால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் கவனித்தேன். அப்பாவின் மாணவர்களுக்கு மகன் செய்யக்கூடியது வேறொன்று. சிப் வடிவமைப்பில் வேலை பார்ப்பவர் என்கிறீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரிப் பிள்ளைகளோடு காணொளியில் ஒரு மணி நேரம் பேசட்டும். அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

பழைய பதக்கம் எங்கே போனது?

‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1974இல் 10 கிராம் தங்கம் ஏறத்தாழ 500 ரூபாய். நீங்கள் கட்டிய 5,000 ரூபாய்க்கு அன்று 100 கிராம் வாங்கியிருக்கலாம். வருட வட்டி சில நூறு ரூபாய். அதில் அரைப் பவுனில் ஒரு பதக்கம் செய்து, மாலைக்கும் மிச்சம் இருந்திருக்கும். இன்று அதே 5,000க்கு 7 சதவீதத்தில் 350 ரூபாய் வரும். 10 கிராம் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 350 ரூபாயில் பதக்கம் வைக்கிற வெல்வெட் பெட்டி வேண்டுமானால் கிடைக்கலாம்.

நான் பார்த்த நினைவுப் பரிசுகளில் பல திருட்டுப் போகவில்லை, தேய்ந்து போயின. தங்கம் வெள்ளியாகி, வெள்ளி முலாமாகி, முலாம் சான்றிதழாகி, ஒரு வருடம் பழைய கண்காணிப்பாளர் ஓய்வுபெற்றதும் சான்றிதழும் நின்றுவிடுகிறது. புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அரசிடமிருந்து கணிசமாக நிதியுதவி பெறும் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கேட்க வேண்டியவை ஐந்து: இந்தப் பெயரில் உள்ள வைப்புத்தொகை இப்போது எவ்வளவு, எந்த வங்கியில், கடைசியாகப் பரிசு தரப்பட்ட ஆண்டு எது, அதற்குப் பிறகு வந்த வட்டி என்ன ஆனது, பரிசை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. கடிதத்தோடு வைத்திருந்த பழுப்பேறிய ரசீதின் நகலையும் இணையுங்கள். அதன் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பொது அறக்கட்டளைப் பணம் தவறாகப் போயிருந்தால், அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இடம் தருகிறது. 5,000 ரூபாய்க்காக அங்கே போகச் சொல்ல மாட்டேன். பதில் வந்ததும் முதல்வரைப் போய்ப் பாருங்கள். கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டி அதே பெயரில் ஒரு புத்தகப் பரிசாக மாற்றிவிடலாம். பெரும்பாலும் சண்டையில்லாமல் முடிகிற காரியம்.

டிரஸ்ட்டா, பல்கலைக்கழகமா, கல்லூரியா?

உங்கள் கையில் இருப்பது 5 லட்சம்; மகள் சேர்ந்தால் 10. இந்தத் தொகைக்குத் தனி டிரஸ்ட் வேண்டாம். பத்திரம் பதிய வேண்டும், தனி பான் எண், வருமான வரித் துறையில் பதிவு, அதைக் காலம் தவறாமல் புதுப்பித்தல், ஆண்டுதோறும் கணக்கு, தாக்கல். 5 லட்சத்துக்கு வருட வட்டி 35,000 ரூபாய். அதில் ஆடிட்டருக்குப் போனது போகத்தான் மாணவருக்கு. அதைவிடப் பெரிய கேள்வி, உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது? மகன் அங்கே, மகள் கோவையில், கொழுந்தனாருக்கு 72 வயது.

பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் கௌரவமானதுதான். பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிப்பார்கள். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல் வேண்டும், குறைந்தபட்ச வைப்புத்தொகை இவ்வளவு என்று விதி இருக்கும், தங்கம் என்பதால் அதே தேய்மானம் மறுபடி. அதோடு, அந்த மேடையில் உங்கள் கணவரை நேரில் அறிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

அவர் வேலை பார்த்த கல்லூரிக்குக் கொடுங்கள். அங்கே அவரிடம் படித்தவர்களே இன்று ஆசிரியர்களாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இயற்பியலிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பல்சார் விண்மீன்களைக் கண்டறிந்த ஜோசலின் பெல் பர்னல் 2018இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை அப்படியே இங்கிலாந்தின் இயற்பியல் கழகத்திடம் ஒப்படைத்தார். இயற்பியலில் போதிய இடம் கிடைக்காத பிரிவினருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தருவதற்கு. அவ்வளவு பெரிய தொகைக்கே அவர் தனிக் கடை விரிக்கவில்லை. ஏற்கெனவே இயங்குகிற ஒரு அமைப்பிடம் கொடுத்து, யாருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கல்லூரிச் செயலரிடம் காசோலையைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதோடு முடிந்தால், ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேரன் என்னைப் போன்ற ஒருவனுக்கு இதே கடிதத்தை எழுதுவான். நிர்வாகக் குழுத் தீர்மானமும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வேண்டும். பணம் அதற்குப் பிறகுதான். கீழே உள்ளவை அதில் இருக்கட்டும்.

தொகையை ரூபாயில் எழுதாதீர்கள். ‘பரிசு 10,000 ரூபாய்’ என்று எழுதினால் அது அங்கேயே உறைந்துவிடும். ‘ஆண்டு வட்டியில் 70 சதவீதம் பரிசு, 30 சதவீதம் அசலோடு சேர வேண்டும்’ என்று எழுதுங்கள். 35,000இல் 24,500 மாணவருக்கு, 10,500 அசலுக்கு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். அசல் வளர்வதோ 2 சதவீதம் சொச்சம். முழுக்க ஈடுகட்டாது. ஆனால் மாமனார் பதக்கத்துக்கு நேர்ந்தது இவ்வளவு சீக்கிரம் நேராது. பிற்பாடு பழைய மாணவர்கள் இதே கணக்கில் பணம் சேர்க்கலாம் என்றும் ஒரு வரி போடுங்கள்.

திரும்பப் பெறுவது பற்றி. ‘நான் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்வேன்’ என்ற வாசகம் செல்லாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதை ஏற்பதில்லை. கொடுப்பவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்து ரத்தாகிற கொடை, கொடையே அல்ல. ஆனால் அதே பிரிவு வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வு நடந்தால் கொடை ரத்தாகும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம். ‘தொடர்ந்து மூன்று கல்வியாண்டுகள் பரிசு வழங்கப்படாவிட்டால் அசலும் சேர்ந்த வட்டியும் இன்ன கல்லூரிக்கு மாற்றப்பட வேண்டும்’ என்று எழுதுங்கள். உங்களுக்கே திரும்ப வருவதைவிட இன்னொரு கல்லூரிக்குப் போவது நல்லது. பணம் கைமாறிவிடும் என்று தெரிந்தால் அலுவலகத்தில் அந்தக் கோப்பு தொலையாது.

துறை மூடப்பட்டால்? பல ஊர்களில் இயற்பியல் பட்ட வகுப்புகளில் சேர ஆள் குறைந்துகொண்டே வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘இயற்பியல் பாடப்பிரிவு நிறுத்தப்பட்டால், அதற்கு மிக அருகிலுள்ள அறிவியல் பாட மாணவருக்கு’ என்று ஒரு மாற்று வழி இருக்கட்டும். இல்லாவிட்டால் பணம் வங்கியில் தூங்கும்.

தேர்வுக் குழு. உங்கள் குடும்பத்தார் நிரந்தர உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். வேண்டாமே. துறைத் தலைவர், வேறு துறை ஆசிரியர் ஒருவர், துறையின் பழைய மாணவர் ஒருவர் போதும். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 30க்குள் பரிசு பெற்றவர் விவரமும் வைப்புக் கணக்கு நிலவரமும் குடும்பத்துக்கு எழுத்தில் வர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைவிடத் தகவல் பெறும் உரிமை உங்களுக்கு அதிகம் உதவும்.

கொழுந்தனார் சொல்வது

சாதியைக் குறிப்பிட்டு நிபந்தனை போட்டால் அரசு உதவி பெறும் கல்லூரி அதை ஏற்கத் தயங்கும், தயங்குவதுதான் சரி. சொந்த டிரஸ்ட்டாக வைத்தாலும், ஒரு குறிப்பிட்ட சாதி அல்லது மதத்தாரின் நன்மைக்காக மட்டும் ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு மறுக்கப்படும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் என்று பொதுவாக வைத்தால் அந்தத் தடை இல்லை.

சட்டம் இருக்கட்டும். உங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் டியூஷன் நடந்தது, பணம் வாங்கியதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதில்லை என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்காததை அவர் பெயரில் உள்ள பரிசு கேட்கக் கூடாது. கொழுந்தனாரிடம் ‘வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். ‘குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவருக்கு முன்னுரிமை’ என்று எழுதினால் அவர் மனத்தில் வைத்திருக்கிற ஏழைப் பிள்ளைகளும் அதில் வந்துவிடுவார்கள்.

யாருக்கு, எந்த மாதத்தில்?

இப்போது அந்த நாலாம் பக்கத்துக்கு வருகிறேன்.

முதல் மதிப்பெண் எடுப்பவருக்குப் பதக்கம் என்றால் அது யாருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூவில் தம் பாடத்திட்ட அளவில் முதல் ஒரு சதவீதத்தில் வந்து இயற்பியல் போன்ற அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஏற்கெனவே இருக்கிறது, ஆண்டுக்கு 80,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. கல்லூரிக் கட்டணமும் மாதச் செலவும் ஓரளவு நடந்துவிடுகிறது.

விட்டுப்போகிற பிள்ளை வேறு. பிளஸ் டூவில் சுமாராக வந்து, தமிழ் வழியில் படித்து, இரண்டாம் ஆண்டில் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிளவைச் சரிசெய்து முதன்முதலாகச் சோடியத்தின் இரட்டை மஞ்சள் கோட்டைப் பிரித்துப் பார்த்ததும் இயற்பியலில் விழுந்துவிடுகிற பிள்ளை. எந்த முதல் ஒரு சதவீதப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்காது. அந்தப் பிள்ளைக்குப் பதக்கம் உதவாது. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம், இயற்பியல் ஆராய்ச்சிப் படிப்புகளில் சேர்வதற்கான ஜெஸ்ட் தேர்வுக்குக் கட்டணம், வேறு ஊரில் தேர்வு மையம் விழுந்தால் ரயில் டிக்கெட், நேர்காணலுக்குப் போனால் கூட வருகிற அப்பாவுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட். சில நிறுவனங்கள் பயணச் செலவைத் திருப்பித் தருகின்றன. ஆனால் முதலில் கையில் பணம் இருந்தால்தான் வண்டி ஏற முடியும். இதைத்தான் உங்கள் கணவர் சட்டைப் பையிலிருந்து செய்துகொண்டிருந்தார்.

அதனால் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் இருவருக்குப் பகிர்ந்து கொடுங்கள். தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கல்லூரி ஆண்டு விழா பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். ஜாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் முடிந்து, தேர்வே பிப்ரவரியில் வந்துவிடும். மேடையில் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தால், விண்ணப்பிக்கப் பணம் இல்லாமல் விட்டுவிட்ட பெண்ணுக்கு மார்ச்சில் மாலை போடுவீர்கள். ‘ஆகஸ்ட் 31க்குள் மாணவர் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்’ என்று இருக்கட்டும். சான்றிதழை ஆண்டு விழாவில் நீங்களே போய்க் கொடுங்கள்.

பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில அரசு உதவித்தொகைகளின் விதிகளில் வேறு உதவித்தொகை பெறக் கூடாது என்று இருக்கிறது. உங்களுடையதை ‘உதவித்தொகை’ என்று அழைத்து, அதனால் அந்தப் பிள்ளை பெரிய தொகையை இழந்துவிடக் கூடாது. ‘நினைவுப் பரிசு’ என்றே பெயர் வையுங்கள். ஒரே தவணையில் கொடுங்கள்.

சாதாரணமாகப் படித்து முன்னேறியவரை விடுங்கள், வானியற்பியலாளர் சந்திரசேகருக்கே 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து கேம்பிரிட்ஜ் போக இந்திய அரசு உதவித்தொகை ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கப்பல் பயணத்தில்தான் வெள்ளைக் குறுமீன்கள் எனப்படும் சுருங்கிய விண்மீன்களின் நிறை வரம்பைக் கணக்கிட்டார். பயணச் சீட்டை அவ்வளவு லேசாக நினைக்க வேண்டாம் என்பதற்குச் சொல்கிறேன்.

மிச்சக் கேள்விகள்

வரிச் சலுகை: நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு கல்லூரிக்கு இருந்தால், பழைய வரி முறையில் இருப்பவருக்கு நன்கொடையில் பாதிக்கு வரம்புக்குட்பட்டுக் கழிவு கிடைக்கும். புதிய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உயில்: உயிலில் மட்டும் எழுதி வைப்பதை நான் விரும்பவில்லை. நோபல் கதையையே பாருங்கள். ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பரில் வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே உயிலை எழுதினார். பரிசைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் பெயர் சொன்ன அமைப்புகளை ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இறந்தார். உறவினர்கள் எதிர்த்தார்கள், அமைப்புகள் தயங்கின; முதல் பரிசு கொடுக்க 1901 ஆகிவிட்டது. உலகப் பெரும் பணக்காரருக்கே அந்தக் கதி. (எங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.) உயிரோடு இருக்கும்போதே 5 லட்சத்தைக் கொடுத்து, இரண்டு வருடம் நடப்பதைக் கண்ணால் பாருங்கள். நன்றாக நடந்தால் மேற்கொண்டு கொடுக்க விரும்புவதை உயிலில் சேருங்கள்.

திதிக்குள் எல்லாம் முடியாது. கல்லூரி நிர்வாகக் குழு கூடுவதற்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும், ஆகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பழைய பதக்கத்துக்கான மனுவைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்பந்த வரைவு வந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு நகல் எனக்கு வரட்டும். அந்த லேப் உதவியாளர் இன்னும் அதே ஊரில் இருந்தால், யாருக்குக் கொடுப்பது என்ற விதியை எழுத உட்காரும் நாளில் அவரையும் வரச் சொல்லுங்கள்.